அடுப்பங்கரை வழியாக ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர்

புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், செங்கமலம் புளிக்குழம்புக்கு வெந்தயம் தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலையில் ஹெல்மெட்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் அவள் வீட்டு வாசல் வழியாகச் சைக்கிளில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்பங்கரையில் அவளுக்கு ஒரு வணக்கமும் வைத்து, கொல்லைக் கதவு வழியாக வெளியேறி, கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கும் வெண்ணாவல் கிராமத்தில் போய் இறங்கினார். செங்கமலம் வெந்தயம் கருகிவிடாமல் அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். கொல்லையில் துவைக்கிற கல் இருந்தது, வாழை இருந்தது, கொடியில் துணி இருந்தது. ஆளைக் காணோம்.

அரை மணி நேரம் கழித்து அதே ஆள் அதே கதவு வழியாகத் திரும்பி வந்தார். சக்கரத்தில் வடகரைச் செம்மண் அப்பியிருந்தது.

"ஏங்க, இது வீடுங்க," என்றாள் செங்கமலம்.

"தெரியுதும்மா. ஆனா மேப்புல இதான் வழின்னு போட்டிருக்கு," என்று அவர் போனை நீட்டினார். பெயர் ஜெரால்டு, கும்பகோணத்தில் வங்கி வேலை, லீவு நாளில் சைக்கிள் மிதிப்பவர். போனில் காருக்கு ஒரு பொத்தான், நடைக்கு ஒரு பொத்தான் இருந்தது போலச் சைக்கிளுக்கும் புதிதாக ஒரு பொத்தான் வந்திருந்தது. அதை அழுத்தினால் தென்கரையில் இருக்கும் கோரைமேட்டிலிருந்து ஒரு நீலக்கோடு கிளம்பி, செங்கமலத்தின் வீட்டுக்குள் புகுந்து, கொள்ளிடத்தை ஒரே எட்டாக எட்டி, வெண்ணாவலில் போய் நின்றது. ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர், ஏழு நிமிடம். பாலத்தைச் சுற்றிப் போனால் நாற்பத்தொரு கிலோமீட்டர். நடுவில் இருப்பது ஆறு. தண்ணீர் வந்தால் அக்கரை தெரியாது, வற்றினால் மணல் அள்ளிய குழிகளில் முதலை கிடக்கும்.

கோரைமேட்டுக்காரர்கள் இதற்கு ரொம்ப ஆச்சரியப்படவில்லை. அந்த ஊரில் வழி கேட்டவனிடம் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தெரியாது என்று சொல்வது வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புகிற மாதிரி, அது மரியாதை இல்லை. ஆகவே தெரிந்தவன் தெரிந்ததைச் சொல்வான், தெரியாதவன் இன்னும் விவரமாகச் சொல்வான், வேப்பமரம் வரும், சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க, யாரையும் கேக்காதீங்க என்று தெருமுனை வரைக்கும் கூடவே வந்து சொல்வான். "மேப்பும் நம்மாளு மாதிரிதான்யா," என்றார் தபால்காரர் குஞ்சிதபாதம். "தெரியாதுங்கிற வார்த்தை அது வாயில வராது. என்ன, நாம சொல்ற வழியில போறவன் போய்ச் சேர மாட்டான், இது சொல்ற வழியில போறவன் சேந்துடுறான்."

சரி, நம்பலாமா வேண்டாமா என்று ஊரே கூடிச் சோதித்துப் பார்த்தது. பஞ்சாயத்துத் தலைவர் தன் பைக்கில் படபடவென்று புகுந்து, துவைக்கிற கல்லில் முட்டி, செங்கமலத்தின் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு வாழை மரத்தடியில் கிடந்தார். நடந்து போனவர்கள் கொல்லைக்குத்தான் போனார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களும் அப்படியே. டீக்கடை வேதையன் தன் சம்சாரத்தைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்தார். வெண்ணாவலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள் இல்லை. அந்தம்மா இங்கே துவைக்கிற கல்மேல் அதே ஒருக்களிப்பில் உட்கார்ந்தபடி, "மெதுவாப் போங்க மெதுவாப் போங்கன்னா இந்த மனுஷன் காதுல வாங்குறாரா," என்று கத்திக்கொண்டிருந்தார். மிதிக்கிறவருக்கு மட்டும்தான் வழி என்று முடிவாயிற்று. கிராம நிர்வாக அலுவலர் வந்து டேப்பு பிடித்தார். வாசலிலிருந்து கொல்லை வரை முப்பத்தொரு அடி. ஜெரால்டின் சைக்கிளில் மாட்டியிருந்த மீட்டரில் ஒன்று புள்ளி எட்டு கிலோமீட்டர். இரண்டையும் நோட்டில் எழுதி, கீழே 'இரண்டும் சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு பத்து நாளில் எல்லாம் பழகிவிட்டது. வாசலில் இரண்டு தரம் மணியடிக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது ஆற்றைத் தாண்டுகிற பாதையாக இருக்கலாம், ஆனால் சோறு பொங்குகிற இடமும் அதுதானே. சாவுச் செய்தி கொண்டுபோகிறவர் அடுப்பங்கரை வழியாகப் போகக் கூடாது, அவர் பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். என்ன குழம்பு என்று கேட்கலாம், உப்பு தூக்கலா என்று கேட்கக் கூடாது. வெண்ணாவல் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிற பெண்கள் காலையில் ரிப்பன் பறக்க வரிசையாகப் போனார்கள். வடகரையிலிருந்து பால் வந்தது, முந்திரிக்கொட்டை வந்தது, ஒரு மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள். செங்கமலத்தின் வீட்டுக்காரர் கலியபெருமாள், ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், பேச்சுத்துணைக்கு ஏங்கிக் கிடந்த மனுஷர், கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்துச் சந்தோஷமாக இருந்தார்.

செங்கமலத்துக்கு மட்டும் ஆரம்பத்தில் எரிச்சலான எரிச்சல். முதல் வாரத்திலேயே ஒருத்தன் வளைத்துத் திருப்பத் தெரியாமல் அவளுடைய தோசை மாவுக் குண்டானை உருட்டிவிட்டுப் போனான். மூன்று நாளைக்கான மாவு. அன்றைக்கு ஜெரால்டு வந்ததும் அவரை மறித்துக்கொண்டாள்.

"இத எடுக்கச் சொல்லுங்க. யார்கிட்ட சொல்லணுமோ சொல்லுங்க."

"போன்லயே திருத்தம் எழுதிப் போடலாம்மா. வழி தப்புன்னு உங்க பேர்லயே போடுறேன். இந்த இடத்துல என்ன இருக்குன்னு கேக்குது."

"என்ன இருக்கு? என் வீடு இருக்கு. அடுப்பு இருக்கு. மாவு இருந்துச்சு, இப்ப இல்ல."

அவர் அப்படியே தட்டினார். பதில் எதுவும் வரவில்லை. நாளாக ஆக அவளே அதை மறந்துபோனாள்.

மறந்துபோனதற்குக் காரணம் வேம்பு. வேம்பு அவளுடைய தங்கச்சி, ஐந்து வயது இளையவள், வெண்ணாவலில் வாழ்க்கைப்பட்டவள், ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தாள் செங்கமலம். சொந்தபந்தத்துக்கெல்லாம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்து வந்தாள். வேம்புக்குக் கொடுக்கவும் கலியபெருமாளோடு மொபெட்டில் கிளம்பத்தான் செய்தாள். அன்றைக்கு இதே மேப்பு, ஆற்றின் குறுக்கே புதிதாக ஒரு பாலம் இருப்பதாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் பாலமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, மண்ணாங்கட்டி கூட இல்லாத வெறும் மணல். சக்கரம் புதைந்து, வண்டி சாய்ந்து, தாம்பாளம் கவிழ்ந்து, முதலைக்குப் பயந்து திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாள்.

செய்யலாமா அதை? கூடப் பிறந்தவளுக்கு? வேம்பு அதை மாமியார் முன்னால் திறந்து பார்த்திருக்கிறாள். உடனே பதில் வந்தது, குரல் பதிவாக: "ஊருக்கெல்லாம் தாம்பாளம், எனக்கு மட்டும் போன்ல படமாக்கும்? இனிமே செத்தாலும் உன் வாசப்படியில நான் கால் வைக்க மாட்டேன்." செங்கமலமும் சளைத்தவள் இல்லை, வராட்டிப் போ என்று திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு, மஞ்சள் தடவி வேம்பு பெயர் எழுதிய அந்தப் பத்திரிகையைக் கிழிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள்.

"கதவைத் தாண்டி மூணாவது வீடும்மா உங்க தங்கச்சி வீடு," என்றார் ஒருநாள் குஞ்சிதபாதம். அவருக்கு வெண்ணாவலில் சம்பந்தி வீடு, தினம் போய்வருவார்.

"நான் கேக்கவே இல்லியே."

"நீங்க கேக்கல, நான் சொல்லல."

அப்படித்தான் கேட்காமலும் சொல்லாமலும் சேதி வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆள் நல்லா சதை போட்டிருக்கிறாள். மாமியார் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அவ எப்படிப் போனா எனக்கென்ன என்பாள் செங்கமலம், அன்றைக்குக் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிடுவாள். கார்த்திகையில் ஒருநாள் குஞ்சிதபாதம் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போனார்: "உங்க தாளிப்பு வாசனை அங்க வரைக்கும் வருதாம்மா. வெந்தயத்தைக் கருக்கிட்டா போலருக்குன்னு உங்க தங்கச்சி சொன்னாங்க."

கருக்கினேனாமா நான், இவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்று செங்கமலம் சண்டைக்கு நின்றாள். எதிரே யாரும் இல்லை. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆறு வருடத்தில் தங்கச்சி தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வேம்புக்குப் பிடித்த சுண்டைவற்றல் குழம்பு வைத்து, கொல்லைக் கதவை நன்றாகத் திறந்துபோட்டாள்.

தானே போய்விடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் துணிந்தாள். ஆனால் செங்கமலத்துக்குச் சைக்கிள் விடத் தெரியாது. அவள் எட்டாவதோடு நின்றவள். பிளஸ் ஒன் படித்து அரசாங்கச் சைக்கிள் வாங்கியது வேம்புதான். மார்கழிக் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கலியபெருமாள் பின்னால் பிடித்துக்கொள்ள, நாற்பத்தொரு வயதில் மூன்று நாள் பழகினாள். பிடிச்சிருக்கீங்களா, பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கீங்களா, பிடிச்சிருக்கேன் என்று போய், நான்காவது தரம் அவர் யாரிடமோ பேச்சுக்கொடுக்கப் போய்விட்டதால் வாய்க்காலில் விழுந்து முட்டி வீங்கிப் படுத்தாள்.

முட்டிக்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்த அன்று காலை ஜெரால்டு போனோடு வந்து நின்றார். முகமே சரியில்லை.

"பதில் வந்துடுச்சும்மா. 'உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது. இன்று மாலை ஆறு மணிக்கு வழி நீக்கப்படும். வரைபடத்தைத் துல்லியமாக்க உதவியதற்கு நன்றி.' இப்படிப் போட்டிருக்கான்."

"எந்தத் திருத்தம்?" என்றவளுக்கு மாவுக் குண்டான் ஞாபகம் வந்தது. "அய்யய்யோ, வேணாம்னு போடுங்க. வழி இருக்குன்னு போடுங்க. நல்ல வழின்னு போடுங்க!"

போட்டார். இந்தத் தடவை பதில் உடனே வந்தது: 'அந்த இடத்தில் வழி இல்லை, வீடுதான் இருக்கிறது என்று நம்பகமான உள்ளூர்வாசி ஒருவர் உறுதிசெய்திருக்கிறார்.'

"யாரு அந்த உள்ளூர்வாசி?"

"நீங்கதாம்மா."

சேதி பரவியதும் ஊர் அவளைத் திட்டத்தான் செய்தது. வந்த லட்சுமியை எட்டி உதைச்சவ என்றார்கள். உண்மையைச் சொன்னா இப்படித்தான், எங்களை மாதிரி எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா என்றார் வேதையன். திட்டிக்கொண்டே வேலையையும் பார்த்தார்கள். இக்கரைக்காரர்கள் இக்கரைக்கும் அக்கரைக்காரர்கள் அக்கரைக்கும் வந்துசேர வேண்டும் என்பதால் நாள் முழுக்க மணிச்சத்தம். பள்ளிக்கூடத்துப் பெண்கள் மத்தியானமே திரும்பிவிட்டார்கள். ஒருத்தி அடுப்பங்கரையில் நின்றபடியே, "நாளைலேர்ந்து பாலம் சுத்தணும்க்கா," என்றாள், கோபமாகக்கூட இல்லை, ஒரு தகவலாக.

செங்கமலம் குஞ்சிதபாதத்தை மட்டும் நிறுத்தினாள்.

"அவகிட்ட, வழி ஆறு மணியோட முடியுதுன்னு சொல்லிடுங்க. வரச் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"நான் எதுக்கு அதெல்லாம் சொல்றேன்," என்று போனவர் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"அப்படியான்னாங்க. உள்ள போயிட்டாங்க."

மணி நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. செங்கமலம் காலை நொண்டிக்கொண்டு சுண்டைவற்றல் குழம்பு வைத்தாள், வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் வைத்தாள், கதவைத் திறந்துவைத்துவிட்டு அதைப் பார்க்காமல் இருந்தாள். ஐந்தரைக்கு வடகரையின் கடைசிப் பால்காரர் வெறும் கேனோடு கடந்து போனார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வராட்டிப் போ என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொல்லைப் பக்கம் இரண்டு தரம் மணியடித்தது. பிளஸ் ஒன்னில் கொடுத்த அதே சைக்கிள், துருப்பிடித்த மட்கார்டு, அன்றைக்குத்தான் காற்றடித்த டயர், ஹேண்டில்பாரில் செருப்பு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேம்பு. படியில் லொடக்கென்று ஏறி இறங்கி அடுப்பங்கரைக்குள் வந்தவள் இடது கையால் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் பெடலிலேயே இருக்க, அப்படியே நின்றாள்.

"கால் வைக்கல, பாத்துக்க," என்றாள் வேம்பு.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சொன்ன சொல்லு சொன்னதுதான்."

"யாரு இல்லேன்னா?"

கலியபெருமாள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார், வாம்மா என்றார், காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். வேம்பு ஒரு கையால் ஃப்ரிட்ஜைப் பிடித்தபடி மறு கையால் குடித்தாள். "சக்கரை கம்மி மாமா," என்றாள். டம்ளரை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்தாள். அக்காவும் தங்கச்சியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் நரை ஒரே இடத்தில், வகிட்டுக்கு வலது பக்கம் விழுந்திருந்தது.

"அன்னிக்கு நெசமாவே கெளம்பினோம்டி," என்றாள் செங்கமலம். "மேப்புல பாலம் காட்டிச்சு. போய்ப் பாத்தா வெறும் மணலு."

"மூணு மாசமா உன் அடுப்பங்கரை வழியா ஊரே வருது போவுது. ஆத்தையே எகிறிக் குதிச்சு வழி காட்டுற மேப்பு, எனக்குப் பத்திரிகை வைக்க வந்த அன்னிக்கு மட்டும் பொய் சொல்லிச்சாக்கும்?"

இதற்குப் பதில் உண்மையில் யாருக்குத்தான் தெரியும்?

"நான் கெளம்புறேன், வழி மூடிடும்," என்று வேம்பு ஃப்ரிட்ஜிலிருந்து கையை எடுக்கப் போனாள்.

"இரு."

நொண்டிக்கொண்டே கூடத்துக்குப் போனாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பத்திரிகையை எடுத்தாள். தாம்பாளத்தைத் துடைத்தாள், வெற்றிலை அடுக்கினாள், பாக்கு வைத்தாள், இரண்டு வாழைப்பழம், குங்குமச் சிமிழ், ஒன்றையும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கூடத்துக் கடிகாரத்தில் மணி ஆறடித்தது. கொல்லைக் கதவுக்கு வெளியே துவைக்கிற கல் இருந்தது, வாழை இருந்தது, கொடியில் துணி இருந்தது. வேம்பு கழுத்தை மட்டும் திருப்பி அதைப் பார்த்தாள்.

செங்கமலம் பத்திரிகையைப் பிரித்து உறையைத் தாம்பாளத்தின் மேலே கவிழ்த்தாள். வெற்றிலையின் மேல் ஒரு சிட்டிகை மணல் உதிர்ந்தது, கொள்ளிடத்து மணல், வெள்ளையாக, பொடியாக. வேம்பு ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"மகனுக்குக் காதுகுத்து வச்சிருக்கேன்," என்றாள் செங்கமலம். "குடும்பத்தோட அவசியம் வந்துடணும்." தாம்பாளத்தை நீட்டினாள்.

வேம்பு வலது கையை நீட்டினாள். செங்கமலம் தாம்பாளத்தைக் கொடுக்கவில்லை.

"பத்திரிகையை ஒத்தக் கையால வாங்குவாங்களாடி?"

இடது கையை எடுத்தால் சைக்கிள் சாயும். வேம்பு ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், மணலைப் பார்த்தாள், அக்காவின் வீங்கின முட்டியைப் பார்த்தாள். பிறகு வலது காலைத் தரையில் வைத்தாள். அப்புறம் இடது காலையும் வைத்தாள். சைக்கிள் சரிய, அதைக் கலியபெருமாள் ஓடிவந்து பிடித்துக்கொள்ள, அவள் இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தேதி தாண்டி ஆறு வருஷம் ஆச்சேக்கா," என்றாள், பத்திரிகையைப் படித்துவிட்டு. கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது.

"அவன் தோடு போட மாட்டேன்னு அடம் பிடிச்சு ஓட்டை தூந்துபோச்சு. திரும்பக் குத்தணும். நீ வருவியா மாட்டியா?"

"நேர்ல கூப்பிட்டுட்டேல்ல," என்று வேம்பு அடுப்பங்கரைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "வராம இருப்பனா? சோத்தைப் போடு."